மூன்றாவது ஓலை

உதியன்குளங்கரை
4 ஆகஸ்ட் 2025

பினுவுக்கு,

ஜெனிலின் அம்மா ஆனந்தபாய் எழுதுகிறேன். ஸ்தோத்திரம் சொல்லித்தான் நம் சபையார் கடிதம் தொடங்குவார்கள். உனக்கு அதை எழுத என் கை போகவில்லை. மக்கா என்றும் எழுத மாட்டேன்.

போனில் கூப்பிட்டால் 'மாமி, மீட்டிங்குல இருக்கேன், பிறவு விளிக்கேன்' என்கிறாய். அப்புறம் எடுப்பதே இல்லை. காகிதத்துக்கு மீட்டிங் கிடையாது. நான் அஞ்சாம் வகுப்பு. எழுத்தில் பிழை இருக்கும். விஷயத்தில் பிழை இல்லை.

போன நவம்பரில் ஜெனில் போன பிறகு வீட்டை ஒட்டி அவன் வேலை செய்த சாய்ப்பைப் பூட்டியே போட்டிருந்தோம். கறையான் ஏறுகிறது என்று போன வாரம் திறந்தேன். அவன் கடைசியாகத் தொட்ட பழைய டிவியை எடுத்துப்போகச் சொல்லி, ஜங்ஷனில் டிவி ரிப்பேர் பார்க்கிற ராபின்சனைக் கூப்பிட்டேன். டிவியின் முதுகைத் திறந்து பார்த்தான். குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மாமி, இந்தப் பெட்டி இருக்கும்போ ஜெனிலுக்கு எப்பிடி ஷாக் அடிச்சு?"

"அது என்ன பெட்டிலே?"

"டிரான்ஸ்ஃபார்மராக்கும். இந்த மாதிரி பழைய டிவிக்கு உள்ள தகடே கரண்டுல இருக்கும். ஏரியல் வழியா படம் குடுத்தா குழப்பமில்ல, இடையில தடுப்பு உண்டு. ஜெனில் கம்ப்யூட்டர்ல இருந்து நேரா டிவிக்கு உள்ள வயர் இழுத்திருக்கான். அப்போ கம்ப்யூட்டரும் கரண்டுலதான் நிக்கும். அதைத் தடுக்கத்தான் இந்தப் பெட்டி. இது வழியா டிவி ஓடினா, தெரியாம கை பட்டாலும் ஆளு பிழைச்சுக்கிடும்."

ஜெனில் போன அன்று பெட்டி அங்கே இல்லை. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். முந்தின நாள் நீதான் சாக்கில் கட்டி ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுபோனாய். கேட்டைத் திறந்துவிட்டது நான். "என்னலே இவ்வளவு கனம்?" என்று கேட்டேன். "காலேஜ்ல ஒரு எக்ஸிபிஷன் மாமி, நாளைக்குக் கொண்டு வாறேன்" என்றாய். கொண்டுவந்தாய். அடக்கத்துக்கு எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போன நேரத்தில் வந்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாய். எனக்கு அப்போது பெட்டி எதற்கென்று தெரியாது. இப்போது தெரியும்.

அவன் கூட்டாளியாக நின்று போலீஸிடம் என்ன சொன்னாய்? "ஜெனிலுக்கு மடி, எதுக்கும் சோம்பல். பெட்டியை மாட்டுன்னு சொன்னா கேக்க மாட்டான்" என்றாய். அன்றிலிருந்து ஊரில் அதுதான் பேச்சு. பெற்ற அப்பா பொன்னையனும் அதையே பிடித்துக்கொண்டார். சோற்றில் கை வைத்தால், "பயலுக்குத் தொழில் தெரியல்ல" என்கிறார். நான் பரிமாறிக்கொண்டே கேட்கிறேன்.

உனக்கும் காஞ்சிரங்குளத்து லிஜிக்கும் நிச்சயம் ஆகியிருக்கிறதாம். கல்யாணத்துக்கு முன்பு நம் சபையில் நின்று சொல்: பெட்டியை எடுத்தது நான், ஜெனில் மேல் குற்றமில்லை.

ஆனந்தபாய்


பெங்களூரு
12 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாமிக்குப் பினு எழுதுவது. ஸ்தோத்திரம்.

பள்ளியில் படித்தது மலையாளம், எனக்குத் தமிழ் எழுத்து ஓய்வுநாள் பள்ளியோடு சரி. ஏதாவது மரியாதைக் குறைவாக வந்தால் மன்னிக்கவும்.

உங்கள் வேதனையை என்னைவிட அறிந்தவர் யாரும் இல்லை. ஆனால் மாமி, நீங்கள் நாளை மாற்றி நினைக்கிறீர்கள். அந்தப் பெட்டியை நான் அதற்கு முன்பே ஒரு முறை கொண்டுபோய்த் திருப்பி வைத்துவிட்டேன். ராபின்சன் பேச்சைப் பெரிதாக எடுக்க வேண்டாம். அவன் மிக்ஸி, கிரைண்டர் சரிசெய்கிறவன்.

நாங்கள் செய்த வேலை என்னவென்று யாரும் உங்களிடம் நிதானமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் கல்ஃபில் இருந்து ஆட்கள் கொண்டுவந்த வீட்டுக் கம்ப்யூட்டர் உண்டே, கீபோர்டுக்குள்ளேயே எல்லாம் அடங்கியது, அதன் படம் ஏரியல் வயர் வழியாகத்தான் டிவிக்குப் போகும். படத்தில் மணல் வாரிப் போட்டதுபோல இருக்கும். எழுத்தின் ஓரத்தில் நிறம் வழியும். ஜெனில் அதைத் திறந்து, ஏரியலுக்கு அனுப்பும் தகரக் கூட்டை ஒதுக்கிவிட்டு, சிப்பில் இருந்தே படத்தை எடுத்து, ஒரு டிரான்ஸிஸ்டர் வைத்து வெளியே கொண்டுவருவான். மெஷினில் புது ஓட்டை போடவே மாட்டான். ஏரியல் இருந்த ஓட்டை வழியாகத்தான் எல்லாம். அவன் கை வைத்த மெஷினில் வெள்ளை எழுத்து வெள்ளையாகவே நிற்கும். ஜெர்மனியில் இருந்துகூட அனுப்பினார்கள். படம் பழைய டிவியில்தான் அழகு என்று அந்த டிவியையும் அவன் திறந்து நேர் வயர் கொடுத்தான்.

அந்த வேலை அவனோடு போகக்கூடாது என்றுதான் நான் வீடியோ போட்டேன். கடைசியில் 'ஜெனில் நினைவாக' என்று வரும். பாருங்கள், மனதுக்கு ஆறுதலாக இருக்கும்.

கல்யாணத்துக்கு நீங்களும் மாமாவும் வந்து ஆசீர்வதிக்க வேண்டும். ஜெனில் இருந்தால் அவன்தான் எனக்கு மாப்பிள்ளைத் தோழன்.

பினு


உதியன்குளங்கரை
18 ஆகஸ்ட் 2025

பினு,

நாள் மாறவில்லை. நீ பெட்டியை எடுத்தது பெண்கள் ஐக்கியச் சங்கக் கூட்டத்து நாள். வெள்ளைச் சேலை உடுத்து, வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு கையால் உனக்குக் கேட்டைத் திறந்தேன். மறுநாள் அந்தச் சேலை கொடியில் காய்ந்துகொண்டிருந்தபோது அவனைச் சாய்ப்பிலிருந்து தூக்கினார்கள். சேலை அதற்குப் பிறகு அலமாரியை விட்டு வெளியே வரவில்லை.

அடுத்த வீட்டுச் சோனா போனில் உன் வீடியோவைக் காட்டினாள். நன்றாக உடுத்திருக்கிறாய். அதே மாதிரி டிவி. அதே மாதிரி கம்ப்யூட்டர். "இனி இந்த ஏரியல் வயரைத் தூக்கிக் கடாசுங்க" என்று சிரிக்கிறாய். படம் தெளிவாகத்தான் வருகிறது.

"பெட்டியை எப்போ காட்டுவான் மோளே?"

"பெட்டி ஒண்ணும் இல்லியே மாமி. டிவி வயரை நேரா சுவர்ல குத்துறான்."

"தப்பாப் பாத்திருப்ப. திரும்பப் போடு."

திரும்பப் போட்டாள். இல்லை. நீ எங்கேயோ மறைவாக மாட்டியிருப்பாய், உன் உயிர் உனக்குப் பெரிது. காட்டத்தான் இல்லை. காட்டினால், ஜெனிலுக்கு அது எங்கே போயிற்று என்று யாராவது கேட்பார்கள்.

கீழே ஆட்கள் எழுதியதையும் சோனா வாசித்தாள். ஈரோட்டிலிருந்து ஒரு பையன்: 'அண்ணா, எங்க தாத்தா வீட்டுல இதே டிவி இருக்கு. லீவுல நானும் பண்ணப்போறேன்.' நீ அதற்கு ஒரு சிவப்பு ஹார்ட் போட்டிருக்கிறாய்.

அந்தப் பையனுக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள்.

இனிக் கேட்டுக்கொள். உன் கல்யாண ஓலை மூன்று ஞாயிறு நம் சபையில் வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை உண்டானால் சொல்லுங்கள் என்று போதகர் கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் பாட்டு நம்பர் சொல்வார். நான் பார்க்க யாரும் எழுந்ததில்லை. நான் எழுந்திருப்பேன்.

ஆனந்தபாய்


பெங்களூரு
27 ஆகஸ்ட் 2025

மாமி,

உங்கள் கடிதத்தை ரூமைப் பூட்டிக்கொண்டு படித்தேன். இதை வேறு யாரிடமும் காட்ட வேண்டாம்.

நீங்கள் சொன்ன நாள் சரி. ஜெனில் அப்போது களியக்காவிளைக்குச் சாமான் வாங்கப் போயிருந்தான். மேசையில் அவன் லைட், சோல்டரிங் அயர்ன், டிவி எல்லாம் மாட்டுகிற பிளக் பலகை உண்டு. அதற்கு அந்தப் பெட்டி வழியாகத்தான் கரண்ட். பெட்டியை எடுத்தால் பலகை செத்துவிடும், அவன் வேலை முடங்கும், என்னை விளித்துச் சண்டை போடுவான். அவனுக்கு முடக்கம் வேண்டாமே என்று பலகையின் வயரை நேராகச் சுவரில் குத்திவிட்டுப் போனேன். நல்லதுக்குத்தான் செய்தேன். போனில் சொல்ல இருந்தேன். எக்ஸிபிஷனில் கூட்டம் கூடிவிட்டது, மறந்துபோனது. லைட் எப்போதும்போல எரிந்ததால் அவன் கீழே குனிந்து பார்க்கவில்லை.

போலீஸ் கேட்டபோது வாயில் வந்தது அது. ஒரு தடவை சொன்ன பிறகு எப்படி மாற்றுவது? லிஜி வீட்டில் கேட்டபோதும் அதையே சொல்ல வேண்டிவந்தது.

மாமி, கல்யாணம் மட்டும் முடியட்டும். அதற்குப் பிறகு வீடியோவை எடுத்துவிடுகிறேன், நீங்கள் சொன்ன இடத்தில் வந்து நிற்கிறேன். ஜெனிலின் கல்லறைக்கு நல்ல கறுப்புக் கிரானைட் பதித்துத் தருகிறேன்.

உங்கள் பிள்ளையாக நினைத்து ஒரு தடவை இரங்குங்கள்.

பினு


உதியன்குளங்கரை
2 செப்டம்பர் 2025

பினு,

அவன் மேல் உன் கல்லை வைக்க விடமாட்டேன்.

மறந்துபோனது என்கிறாய். மறதிக்கு நான் இவ்வளவு பகை வைக்கமாட்டேன். அன்றைக்கே ஓடிவந்து, 'மாமி, நான் செய்ததாக்கும்' என்று விழுந்திருந்தால், உன்னை அடித்திருப்பேன், அடித்த கையால் தூக்கியும் விட்டிருப்பேன். நீ விழவில்லை. செத்தவன் எழுந்து பதில் சொல்லமாட்டான் என்று அவன் மேல் சாய்த்தாய். நாங்கள் மண் போட்டுக்கொண்டிருக்கும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்குள் வந்தாய். அது எல்லாம் மறந்தவன் செய்கிற காரியமா?

கல்யாணம் முடியட்டும் என்கிறாய். முடிந்த பிறகு சொல்ல உனக்கு என்ன நஷ்டம்? நஷ்டம் இருக்கும்போது சொல்.

ஓலை 7, 14, 21 தேதிகளில். முதல் இரண்டுக்கும் நான் சும்மா வந்து இருப்பேன். உன் வீட்டார் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாட்டுப் பாடட்டும். நீ அங்கே தூங்காமல் கிட. அந்த இரண்டு வாரம் எனக்கு வேண்டும். 21ஆம் தேதி எழுந்திருப்பேன். அதற்குள் நீ வந்து சொன்னால் இருந்த இடத்தில் இருப்பேன்.

பிள்ளையாக நினைக்கச் சொன்னாய். எனக்கு ஒரு பிள்ளைதான்.

ஆனந்தபாய்


பெங்களூரு
16 செப்டம்பர் 2025

ஆனந்தபாய் மாமிக்கு,

இரண்டு ஓலையும் வாசித்தாயிற்று. நீங்கள் முன் பெஞ்சில் வந்திருந்து அம்மாவைப் பார்த்துச் சிரித்தீர்களாம். அம்மாவுக்கு அன்றிலிருந்து பிரஷர்.

போதும். நானும் எவ்வளவு தாழ்ந்துபோவது? உங்களிடம் என்ன சாட்சி இருக்கிறது? ராபின்சனா? மகன் போன துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்றுதான் சொல்வார்கள். என் கடிதத்தைக் காட்டுவீர்கள். அது நான் எழுதியதே இல்லை என்பேன். அப்பா சபைச் செயலாளர் என்பது உங்களுக்குத் தெரியும். அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். "அவ வாயத் திறந்தா ஆளைவிட்டு வெளிய எறக்குவேன்" என்கிறார்.

எழுந்துதான் பாருங்களேன். சிரிக்கப்போவது ஊர்.

பினு


உதியன்குளங்கரை
22 செப்டம்பர் 2025

பினு,

உன் கடிதம் எதையும் நான் சபைக்குக் கொண்டுபோகவில்லை. அதை எழுதியது நீதானா என்று விசாரிக்க உட்கார்ந்தால் ஜெனில் பேச்சு போய்விடும். பெட்டியைத்தான் கொண்டுபோனேன். நீ கட்டின அதே சாக்கில். ராபின்சன் வாசல் வரை தூக்கித் தந்தான். உள்ளே நானே இழுத்துக்கொண்டுபோய் என் பெஞ்சுக்கு அருகே வைத்தேன்.

உன் அப்பா ராஜப்பன் எட்டிப் பார்த்து, "என்னது, மரச்சீனிக் கிழங்கா? காணிக்கை வைக்க அறுப்பின் பண்டிகைக்கு நாள் கெடக்கே" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

போதகர் ஓலை வாசித்தார். தடை உண்டானால் சொல்லுங்கள், இது கடைசித் தடவை என்றார். எழுந்தேன்.

"ஆனந்தி, இரி" என்றார் உன் அப்பா, திரும்பியே பார்க்காமல்.

"இருந்து இருந்துதான் இவ்வளவும் ஆச்சு."

போதகர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன தடையம்மா? பையனுக்கு வேற கல்யாணம் வல்லதும் உண்டா?"

"இல்ல ஐயா."

"கட்டக்கூடாத உறவா?"

"அதுவும் இல்ல."

"பின்ன?"

"மாப்பிள்ளை பொய் சொன்னவனாக்கும். என் மவன் செத்த காரியத்துல."

சாக்கை அவிழ்த்துக் காட்டினேன். பெட்டி எதற்கென்று ராபின்சன் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். யார் எடுத்தான், எந்த நாள் எடுத்தான், எப்போது திருப்பி வைத்தான் என்று சொன்னேன். "ஜெனிலுக்குக் காவலாட்டு இருந்தது இது. இதை எடுத்துட்டு, காவல் இருக்கிற மாதிரியே எல்லாத்தையும் எரியவிட்டுட்டுப் போனான் பினு. பிறவு ஜெனிலுக்கு மடின்னு உங்க எல்லாரிட்டயும் சொன்னான். என் மவனுக்குத் தொழில் தெரியும்."

ஆண்கள் பக்கத்தில் யாரோ, "இதெல்லாம் கோர்ட்டுல சொல்ல வேண்டிய காரியம்" என்றார்.

"கோர்ட்டு என்னட்ட கேக்கல்ல. தடை உண்டான்னு நீங்கதான் கேட்டிய."

போதகர் ஓலையை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "சட்டப்படி இது விவாகத்துக்குத் தடை ஆவாது அம்மா."

"ஆவாண்டாம் ஐயா. கல்யாணம் நடக்கட்டு. அந்தப் பிள்ளை அறிஞ்சு நடக்கட்டு."

லிஜியின் தாய்மாமன் ஈசாக் ஓலை கேட்க வந்திருந்தார். எனக்கு அது தெரியாது. அவர் எழுந்து உன் அப்பாவிடம் வந்தார்.

"உள்ளதா அண்ணாச்சி?"

உன் அப்பா பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லும். நான் போய் இருக்கேன்."

உன் அப்பாவுக்கு அந்த வார்த்தை வரவில்லை. அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், சபைக்குள் நின்று பொய் சொல்லவில்லை. ஈசாக் ஜன்னலில் வைத்திருந்த ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு ஆசீர்வாதத்துக்கு நிற்காமல் போய்விட்டார்.

போதகர் பாட்டு நம்பர் சொன்னார். எல்லாரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பாடினேன். எல்லாச் சரணமும் பாடினேன்.

ஆனந்தபாய்


பெங்களூரு
1 அக்டோபர் 2025

மாமிக்கு,

லிஜி விளித்தாள். "அந்த அம்மா சொன்னது உள்ளதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "இதை நான் மாமன் வந்து சொல்லியா அறியணும்?" என்றாள். வைத்துவிட்டாள். நிச்சயத்துக்குப் போட்ட மோதிரம் கூரியரில் வந்துவிட்டது.

ஊருக்கு வந்து பாறசாலை போலீஸ் ஸ்டேஷனில் என் பேச்சை மாற்றி எழுதிக் கொடுத்தேன். கேஸ் ஆகும் என்று வக்கீல் சொல்கிறார். அப்பா என்னைக் கண்டதும் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். உங்கள் வீட்டு முன்னால்தான் பஸ் இறங்கினேன். கேட்டைத் தொடத் தைரியம் வரவில்லை.

பழைய வீடியோவை எடுத்துவிட்டேன். புதிது போட்டிருக்கிறேன். அந்த ஈரோட்டுப் பையனுக்குத் தனியாக எழுதினேன். அவனிடமிருந்து இன்னும் பதில் இல்லை. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கிறேன்.

இப்போது திருப்திதானே?

பினு


உதியன்குளங்கரை
9 அக்டோபர் 2025

பினு,

திருப்திதானே என்று கேட்டாய். கல்யாணம் நின்றது என்று அறிந்த அன்று சந்தோஷப்பட்டேன். மத்தி வாங்கிக் குழம்பு வைத்தேன். ஜெனில் போன பிறகு அன்றுதான் என் குழம்பில் உப்பு சரியாக இருந்தது. மறைத்துப் பேச எனக்கு என்ன உண்டு?

ஈரோட்டுப் பையன் உனக்குத் தனியாக எழுதினானோ என்னவோ, வீடியோவுக்குக் கீழே எழுதியிருக்கிறான். 'அண்ணா, டிவியைத் திறந்துதான் வச்சிருந்தேன், வயர் குடுக்கல. மூடிட்டேன்' என்று. சோனாவை அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். "மாமி, பாட்டு மாதிரி கேக்கியளே" என்றாள்.

புது வீடியோவைப் பொன்னையனும் பார்த்தார். முதலில் வரமாட்டேன் என்றார். கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், பிறகு சோனாவுக்குப் பின்னால் வந்து நின்றார். இந்தத் தடவை நீ சிரிக்கவில்லை. பெட்டி இல்லாமல் டிவியை ஓடவிட்டு, கம்ப்யூட்டரின் சாக்கெட்டில் டெஸ்டரை வைத்தாய். எரிந்தது. பெட்டியை மாட்டி வைத்தாய். எரியவில்லை. 'ஜெனில் எப்போதும் பெட்டியோடுதான் வேலை செய்தான். அவனிடம் சொல்லாமல் அதை எடுத்தவன் நான். அவனுக்கு மடி என்று சொன்னது பொய்' என்றாய். எனக்கு இரக்கம் வருமோ என்று பார்த்தேன். வரவில்லை.

"அந்த டெஸ்டர் எரியிற இடத்துல நிறுத்து மக்களே" என்றார் பொன்னையன்.

சோனா நிறுத்தினாள். அவர் குனிந்து அந்தச் சின்ன வெளிச்சத்தைப் பார்த்தார்.

"இவ்வளவு வெளிச்சம் போதும்டீ. இதைக் கண்டிருந்தா பய கையை எடுத்திருப்பான்."

அதற்குப் பிறகு சோறு உண்ணும்போது அவர் ஒன்றும் சொல்வதில்லை. தொழிலைப் பற்றிய அந்தப் பேச்சு இந்த வீட்டில் முடிந்தது. எனக்கு வேண்டியிருந்தது அது. அதை உன் கையிலிருந்து பிடுங்கித்தான் வாங்க வேண்டியிருந்தது. அதனால் உனக்கு நான் நன்றி சொல்லப்போவதில்லை.

கேஸில் என்னைக் கூப்பிட்டால் வருவேன். கண்டதைச் சொல்வேன், கூட்டிச் சொல்லமாட்டேன். என் கேட்டைத் தொடாதே. கல்லறைக்குப் போக வேண்டுமானால் போ. நான் ஞாயிறு ஆராதனை முடிந்து அங்கே இருப்பேன், அந்த நேரத்தில் வேண்டாம்.

போதகர் ஒரு நாள் வீட்டுக்கு வந்து மன்னிப்பைப் பற்றிப் பேசினார். காப்பி கொடுத்தேன். கேட்டுக்கொண்டேன். சபையில் எல்லாரும் சேர்ந்து கர்த்தர் கற்பித்த ஜெபம் சொல்லும்போது, மன்னிக்கிற அந்த இடம் வந்ததும் நான் வாயை மூடிக்கொள்கிறேன். அது கடந்ததும் மறுபடி சேர்ந்துகொள்கிறேன். அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன். அந்த இடம் வரும்போது என் பக்கம் பார்ப்பதில்லை.

இனி எழுதாதே.

ஆனந்தபாய்